அங்குலப் பின்னத்தைத் தசமமாக்கும்போது கணக்கு உதைக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

டேப்பில் படித்தது ஒன்று, கால்குலேட்டரில் வந்தது ஒன்று, வெட்டிப் பொருத்திப் பார்த்தால் வேறொன்று. அந்த நேரத்தில் பெரும்பாலோர் அதே கணக்கை முதலிலிருந்து இன்னொரு தடவை போடுவார்கள். ஆளும் அதே ஆள், கைப்பழக்கமும் அதே பழக்கம் என்பதால் விடையும் அதே தப்போடு வந்து நிற்கும்.

நான் சொல்வது வேறு. கணக்கைக் கொஞ்ச நேரம் தொடாதீர்கள். வந்த எண்ணுக்கும் வந்திருக்க வேண்டிய எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 0.025 என்றால் காரணம் ஒன்று, 0.1 என்றால் வேறு, பின்னத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு என்றால் இன்னும் வேறு. எத்தனையோ பொருள்களை வீணாக்கிய பிறகுதான் இந்தப் பழக்கம் எனக்கு வந்தது. இப்போது கழித்துப் பார்க்காமல் எந்தக் கணக்கையும் திரும்பப் போடுவதில்லை.

முதலில் ஒரு சோதனை

முறை சின்னது. பின்னத்தின் மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்து, முழு அங்குலத்தைக் கூட்ட வேண்டும். 3 5/8 என்றால் 5-ஐ 8-ஆல் வகுக்க 0.625, அதோடு 3 சேர 3.625.

அங்குலத்தை நாம் பாதி பாதியாகவே பிரித்துக்கொண்டு போகிறோம். இந்தப் படிகளுக்குத் தமிழில் பழைய பெயர்களே உண்டு: அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, வீசம் 0.0625, அரைவீசம் 0.03125, கால்வீசம் 0.015625. ஒரு படி இறங்கினால் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் கூடும். அரைக்கு ஒன்று, காலுக்கு இரண்டு, எட்டுக்கு மூன்று, பதினாறுக்கு நான்கு, முப்பத்திரண்டுக்கு ஐந்து, அறுபத்துநான்குக்கு ஆறு. கடைசி இலக்கம் எப்போதும் 5. எட்டுக்கும் அதற்குக் கீழான படிகளுக்கும் கடைசி மூன்று இலக்கம் 125, 375, 625, 875 என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பின்னத்தைச் சுருக்கி எழுதிய பிறகுதான் இந்த விதி பொருந்தும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 6/16 என்பது 3/8 தான், அதனால் அதற்கு மூன்று இலக்கமே வரும்.

இதன் பலனைப் பாருங்கள். 7/16-க்கு ஒருவர் 0.4275 என்று எழுதியிருக்கிறார். நான்கு இலக்கம் இருக்கிறது, 5-இல் முடிகிறது, மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி மூன்று 275. அந்த நான்கில் இது இல்லை. வகுத்துப் பார்க்காமலே தப்பு என்று சொல்லிவிடலாம். சரியானது 0.4375.

அப்புறம், 0.3333, 0.6667, 0.0833 மாதிரி எண் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். பாதி பாதியாகப் பிரித்த அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வர வழியே இல்லை. அது அடியிலிருந்து வந்திருக்கும், அல்லது எக்செல் காட்டும் ஒரு தோற்றமாக இருக்கும். இரண்டையும் கீழே பார்க்கலாம்.

பொருள் பத்து மடங்கு தடித்துவிட்டது, ஆனால் எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வரவில்லை

இருக்கிற பிழைகளில் மிக நயமாக ஏமாற்றுவது இதுதான் என்பேன். 1/16-ஐத் தசமமாக்கும்போது ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டால் 0.0625-க்குப் பதில் 0.625 ஆகிவிடும். வேறு எந்தக் கணக்கிலாவது பத்து மடங்கு பிழை என்றால் எண்ணே விகாரமாகத் தெரியும். இங்கே தெரியாது. ஏனென்றால் 0.625 என்பது 5/8. நாள்தோறும் பார்க்கிற, நன்றாகப் பழகிய எண். கண் அதை வரவேற்று உட்கார வைத்துவிடும்.

இது தற்செயல் இல்லை. 1/32 என்பது 0.03125, பூஜ்யம் போனால் 0.3125, அது 5/16. 1/64 என்பது 0.015625, பூஜ்யம் போனால் 0.15625, அது 5/32. 3/32 என்பது 0.09375, பூஜ்யம் போனால் 0.9375, அது 15/16. இரண்டை மட்டுமே திரும்பத் திரும்பப் பெருக்கி வந்த கீழ் எண் உள்ள பின்னத்தைப் பத்தால் பெருக்கினால், அந்தப் பத்தில் உள்ள இரண்டு கீழ் எண்ணோடு அடிபட்டுப் போகும். ஐந்து மேலே தங்கிவிடும். அதனால் பிழையான விடையும் டேப்பில் இருக்கிற இன்னொரு கோடாகவே வந்து விழுகிறது. பின்ன அட்டவணையில் தேடினாலும் அந்த எண் கிடைக்கும். அட்டவணையைப் பார்த்தும் தப்பு தப்பாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சரிபார்க்க, இலக்கங்களை எண்ணுங்கள். பதினாறில் ஒரு பங்குக்கு நான்கு இலக்கம் வேண்டும். 0.625-இல் மூன்றுதான் இருக்கிறது. ஓர் இலக்கம் குறைந்தால் பூஜ்யம் தொலைந்துவிட்டது என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு: மேல் எண் கீழ் எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் புள்ளிக்கு அடுத்து பூஜ்யம் கட்டாயம் வரவேண்டும். 3/32-இல் 32-க்குப் பத்தில் ஒரு பங்கு 3.2. மேலே இருப்பது 3. ஆகவே பூஜ்யம் உண்டு.

போனில் அளவு சொல்லும்போதுதான் இந்தப் பூஜ்யம் அதிகம் தொலைகிறது. "பாயின்ட் ஆறு இரண்டு ஐந்து" என்று காதில் விழுந்தால் எதிராளி எதைச் சொன்னார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு இரண்டு ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று" என்று பின்னத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் பின்னத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு

டிராயிங்கில் 1-1/16 என்று எழுதியிருக்கும். நடுவில் உள்ள சிறு கோடு முழு எண்ணையும் பின்னத்தையும் பிரித்துக் காட்டப் போட்டது. கால்குலேட்டருக்கு அது தெரியாது. அதற்கு அது கழித்தல். வகுத்தலை முதலில் செய்யும் அறிவியல் கால்குலேட்டரானால், ஒன்றிலிருந்து 0.0625-ஐக் கழித்து 0.9375 என்று காட்டும். வரவேண்டியதோ 1.0625. வித்தியாசம் 0.125, அதாவது 1/16-இன் இரண்டு மடங்கு. கூட்ட வேண்டியதைக் கழித்தால் வித்தியாசம் எப்போதும் இப்படித்தான் இரண்டு மடங்காக நிற்கும்.

என் கையால் கெட்ட ஒரு தண்டு இன்னும் நினைவிருக்கிறது. இதே 1-1/16 தான். லேத்தில் மெதுவாக எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து அளந்து 0.9375-க்குக் கொண்டுவந்தேன். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வந்திருந்தது. பேரிங்கை எடுத்துத் தண்டில் நுழைத்ததும் அது தட்டவே தேவையில்லாமல் உள்ளே போய், கையை எடுத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிலாப்பிறை மாதிரி ஒரு வெளிச்சம். திரும்ப அளந்தேன், 0.9375. காகிதத்தில் எழுதி வைத்திருந்ததும் 0.9375. இரண்டும் ஒத்துப்போனதால் பேரிங்தான் தப்பான அளவு என்று நினைத்து அதை மாற்றக் கேட்டேன். 0.9375 என்பது 15/16, அழகான, நம்பத்தக்க எண். அதனால் எனக்கு எண்ணின் மேல் சந்தேகமே எழவில்லை.

இதற்குத் தீர்வு, டிராயிங்கில் சிறு கோட்டைக் கண்டால் அதைத் தட்டாமல், முதலில் பின்னத்தை வகுத்துவிட்டு அப்புறம் முழு எண்ணைக் கூட்டுவது. 1 ÷ 16 தட்டுங்கள், சமக்குறி, பிறகு + 1. இந்த வரிசை கைக்குப் பழகிவிட்டால் சிறு கோடு உங்களை ஒன்றும் செய்யாது. கூடவே ஒரு பார்வைச் சோதனை: 1-க்கு மேல் ஒரு பின்னம் இருக்கிறது என்றால் விடை 1-ஐவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். முழு எண்ணே குறைந்துவிட்டால் கழித்திருக்கிறீர்கள்.

முழு எண்ணும் மேல் எண்ணும் ஒட்டிக்கொண்டன

1 3/16 என்பதில் இடைவெளி போய்விட்டால் 13/16 ஆகிவிடும். 1.1875 வரவேண்டிய இடத்தில் 0.8125. அதேபோல் 3 5/8 என்பது 35/8 ஆகி 4.375 வரும். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு நகலெடுத்து ஒட்டும்போது இது அதிகம் நடக்கும். ஒரே எழுத்தாக அச்சான ½ போன்ற குறி, ஒட்டும்போது 1/2 என்று பிரிந்து முன்னால் உள்ள 2-உடன் சேர்ந்தால் 21/2, அதாவது 10.5. அது பெரிய பிழை, கண்ணில் பட்டுவிடும். 13/16 கண்ணில் படாது. சோதனை முன்பு சொன்னதுதான்: விடையின் முழுப்பகுதி டிராயிங்கில் உள்ள முழு எண்ணாகவே இருக்க வேண்டும்.

2.3, 3.8, 1.18 மாதிரி எண்கள் எழுதியிருக்கின்றன

3/8-ஐ 3.8 என்றும், 1 1/8-ஐ 1.18 என்றும் எழுதுவது அவசரத்தில் நடப்பது. பின்னக்கோட்டைப் புள்ளியாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நூல் கணக்கில் பேசுகிறவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் வரும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. "இரண்டு அங்குலம் மூன்று நூல்" என்று கேட்டதை 2.3 என்று எழுதிவிடுவார்கள். அது 2.375. ஏழு நூலை 2.7 என்று எழுதினால் பிழை இன்னும் பெரிது, அது 2.875. நூலை 0.125-ஆல் பெருக்காமல் புள்ளிக்குப் பின்னால் வைக்கக் கூடாது. விடை புள்ளிக்குப் பின் ஒரே இலக்கத்தில் முடிந்து, அந்த இலக்கம் 5-ஆக இல்லாவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

எக்செல்லில் பின்னம் தேதியாகிவிட்டது, அல்லது கூட்டுத்தொகை குறைகிறது

கட்டத்தில் 5/8 என்று தட்டினால் எக்செல் அதை மே 8 என்றோ ஆகஸ்ட் 5 என்றோ எடுத்துக்கொள்ளும். எது என்பது கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்தது. பிறகு வடிவமைப்பை எண்ணாக மாற்றினால் 0.625 வராது, ஐந்து இலக்க எண் ஒன்று வரும். 2024 மே 8 என்றால் 45420. உள்ளே பதிந்திருப்பது அந்த நாளின் வரிசை எண்தான், பின்னம் போய்விட்டது. வடிவமைப்பை எத்தனை தடவை மாற்றினாலும் திரும்பாது, புதிதாகத்தான் தட்ட வேண்டும். 3/64 போன்றவை 1964 மார்ச் என்று மாதமும் வருடமுமாகக்கூட மாறும்.

15/16, 13/16 போன்றவை இன்னும் விஷமம் பிடித்தவை. பதினைந்தாம் மாதமும் இல்லை, பதினாறாம் மாதமும் இல்லை என்பதால் எக்செல் அவற்றைத் தேதியாக்க முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்க்க 15/16 என்றே இருக்கும், ஆனால் கூட்டுத்தொகையில் சேராது. அங்குலத்துக்காக இரட்டை மேற்கோள் குறி போட்டுத் தட்டினாலும் இதே கதிதான். கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்பதெல்லாம் எழுத்து, வலது ஓரத்தில் நிற்பதெல்லாம் எண். நீங்களாக ஓரம் மாற்றியிருந்தாலொழிய இந்த அடையாளம் பொய் சொல்லாது.

தீர்வு இரண்டு. 0 தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 5/8 என்று தட்டலாம். அல்லது =5/8 என்று கணக்காகவே கொடுக்கலாம். முழு எண்ணோடு இருந்தால் =3+5/8. நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். பின்னால் யார் திறந்து பார்த்தாலும் என்ன கணக்கு என்பது அப்படியே தெரியும்.

இனி அந்த மூன்றில் ஒன்று. 0.3125 உள்ள கட்டத்துக்கு "ஓர் இலக்கம் வரை" என்ற பின்ன வடிவமைப்பைக் கொடுத்தால் எக்செல் அதை 1/3 என்று காட்டும். கீழே ஓர் இலக்க எண்தான் வரலாம் என்று நாம் சொல்லியிருப்பதால், 5/16-க்கு மிக அருகில் உள்ள அப்படிப்பட்ட பின்னத்தைத் தேடிக் காட்டுகிறது. உள்ளே உள்ள மதிப்பு கெடவில்லை. பதினாறுகளில் காட்டும்படி மாற்றினால் சரியாகிவிடும். அறுபத்துநான்குகளில் வேண்டுமென்றால் தனிப்பயன் வடிவமாக # ??/64 என்று கொடுக்கலாம்.

இருவர் கணக்கிலும் 0.001 வித்தியாசம்

இது பெரும்பாலும் பிழையே இல்லை. பதினாறில் வரும் எல்லாப் பின்னமும் நான்காம் இலக்கத்தில் 5-இல் முடிவதால், மூன்று இலக்கத்துக்கு ரவுண்டு செய்யும்போது சரியாக நடுவில் நிற்கும். ஒருவர் எப்போதும் மேலே ஏற்றி 0.0625-ஐ 0.063 என்பார். இன்னொருவர் இரட்டை இலக்கத்தில் முடியும்படி 0.062 என்பார். 5/16-க்கு 0.313, 0.312 என்று இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. 3/16 போன்ற சிலவற்றுக்கு இரண்டு முறையிலும் ஒரே விடைதான், 0.188 வரும். சண்டை போடாமல் நான்கு இலக்கத்தில் எழுதிக்கொண்டால் முடிந்தது.

ஒவ்வொரு துண்டும் சரி, கடைசித் துண்டு மட்டும் இடம் மாறி நிற்கிறது

ஒரு சட்டத்தில் முனையிலிருந்தே தொடங்கி 1 3/16 இடைவெளியில் 24 துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1875 என்பதை 1.19 என்று ரவுண்டு செய்துகொண்டு, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்துகொண்டே போகிறீர்கள். முதல் நாலைந்து துளைகளுக்கு எதிர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் எல்லாம் நேராகவே இருக்கும். பத்தாவது துளையில் போல்ட்டைக் கொஞ்சம் சாய்த்து நுழைக்க வேண்டியிருக்கும். இருபதை நெருங்கும்போது போல்ட்டின் மரை துளையின் ஓரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்கும். கடைசித் துளையில் போல்ட் நுழையவே நுழையாது. ஓர் இடைவெளிக்கு 0.0025 தான் கூடுதல். தாளின் தடிமனைவிடக் குறைவு. 24 தடவை சேர்ந்ததும் 0.06, ஏறக்குறைய ஒரு வீசம். 28.5-இல் நிற்க வேண்டிய துளை 28.56-இல் நிற்கிறது.

இங்கே வித்தியாசத்தை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு இலக்கத்துக்கு ரவுண்டு செய்ததால் வரும் பிழை ஒரு துண்டுக்கு 0.005-ஐத் தாண்ட முடியாது. அதற்குள் இருந்தால் ரவுண்டுதான் காரணம். ஒரு துண்டுக்கு 1/8-ஐ ஒட்டிப் பிழை வந்தால் கணக்கில் தப்பில்லை. ரம்பம் தின்ற மரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். வட்ட ரம்பப் பற்கள் பல அந்த அகலத்துக்கே பள்ளம் எடுக்கும்.

ரவுண்டுப் பிழைக்குத் தீர்வு, பெருக்கிய பிறகு ரவுண்டு செய்வது. 1.1875, 2.375, 3.5625, 4.75 என்று முழு இலக்கத்தோடு அட்டவணை போட்டுக்கொண்டு, எல்லாத் துளையையும் ஒரே முனையிலிருந்து அளக்க வேண்டும். ஒன்றின் பிழை அடுத்ததன் தலையில் ஏறாது. கால்குலேட்டரில் இடையில் வரும் விடையைக் காகிதத்தில் எழுதி மறுபடி தட்டாமல், அதிலேயே தொடர்ந்து பெருக்குங்கள்.

அடியும் அங்குலமும் கலந்த இடத்தில் அரை அங்குலம் முக்கால் அங்குலம் பிசகுகிறது

7 அடி 3 அங்குலம் என்பது 7.3 அடி அல்ல, 7.25 அடி. 7.3 அடி என்று கொடுத்தால் 0.3 அடிக்கு 3.6 அங்குலம் ஆகி, 0.6 அங்குலம் நீண்டுவிடும். 5 அடி 10 அங்குலத்தில் நிலைமை இன்னும் மோசம். 5.10 என்று எழுதினால் கணினி கடைசிப் பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டு 5.1 ஆக்கும், அது 5 அடி 1.2 அங்குலம்தான். சரியானது 5.8333. மூன்றில் ஒன்று வகை எண்கள் பிறக்கும் இடம் இதுதான். பன்னிரண்டில் மூன்று இருப்பதால் ஓர் அங்குலம் 0.0833 அடி ஆகிறது.

பின்னமும் சேர்ந்து வந்தால் இரண்டு படியாகச் செய்யுங்கள். 6 அடி 7 1/2 அங்குலத்தில் முதலில் அங்குலத்தை முடித்து 7.5 ஆக்கி, அதை 12-ஆல் வகுத்து 0.625, பிறகு 6 சேர்த்து 6.625 அடி. அங்குலத்திலேயே வேண்டுமென்றால் 6 × 12 + 7.5 = 79.5. நில அளவையில் அடியைப் பத்தாகவும் நூறாகவும் பிரித்த டேப்பே உண்டு. அதில் நூறில் ஒரு பங்கு அடி ஏறக்குறைய 1/8 அங்குலம். அந்த டேப்பில் 5.6 என்று படித்ததை 5 அடி 6 அங்குலம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மில்லிமீட்டருக்கு மாற்றினால் எண் சுருங்கிவிடுகிறது

2 + 3/8 × 25.4 என்று அறிவியல் கால்குலேட்டரில் ஒரே மூச்சில் தட்டினால் 11.525 வரும். வரவேண்டியது 60.325. பெருக்கல் முதலில் நடந்து 3/8 மட்டும் மில்லிமீட்டரானது. 2 அங்குலம் அங்குலமாகவே நின்றுவிட்டது. வித்தியாசம் 48.8, அதாவது இரண்டு தடவை 24.4. முழு எண்ணை 24.4-ஆல் பெருக்கினால் வரும் தொகையே வித்தியாசமாக இருந்தால் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். (2 + 3/8) × 25.4 என்று தட்டுங்கள்.

விடை நூற்றுக்கு ஒன்றரை பங்கு குறைந்தால் யாரோ 25-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். பத்து அங்குலத்துக்கு 4 மில்லிமீட்டர் போய்விடும். 25.4 என்பது தோராயம் அல்ல. 1959-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் உள்ளிட்ட ஆறு நாடுகள் கூடி வைத்த துல்லியமான வரையறை.

தட்டியதெல்லாம் சரி, படித்ததில்தான் தப்பு

வித்தியாசம் 0.025 என்றால் மைக்ரோமீட்டர். அங்குல மைக்ரோமீட்டரில் திருகு ஒரு சுற்றுக்கு 0.025 நகரும், ஸ்லீவில், அதாவது கோடுகள் பொறித்த நிலையான குழலில், பாதி தெரிந்த கோட்டைச் சேர்த்திருப்பீர்கள் அல்லது விட்டிருப்பீர்கள். 0.1 என்றால் டயல் காலிப்பர். பலவற்றில் முள் ஒரு சுற்றுக்கு 0.1 ஓடும், தண்டில் உள்ள பெரிய பிரிவை ஒன்று தவறவிட்டீர்கள். சரியாக 1 அங்குலம் என்றால் டேப்பின் நுனியை நம்பாமல் 1-இலிருந்து அளந்துவிட்டு, கழிக்க மறந்துவிட்டீர்கள்.

விடை பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பு மாறிவிட்டது. ஒரு விளிம்பில் 32, இன்னொன்றில் 64 என்று முனையில் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். சில ஸ்கேல்களில் ஒரு விளிம்பு பத்தாகப் பிரிந்திருக்கும். அதில் ஏழாவது கோடு 0.7, பதினாறு என்று நினைத்தால் 0.4375 ஆகிவிடும். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இடைவெளி என்று ஒரு தடவை எண்ணிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. டேப் நுனியில் உள்ள கொக்கி ஆடுவதைப் பழுது என்று நினைத்து அடித்து இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தடிமன் அளவுக்கு அது ஆடத்தான் வேண்டும். வெளிப்புறம் இழுத்து அளந்தாலும் உட்புறம் முட்டி அளந்தாலும் சரியாக வருவது அதனால்தான்.

தசமத்திலிருந்து பின்னத்துக்குத் திரும்பினால் பொருந்தவில்லை

புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் எடுத்து 16-ஆல் பெருக்கி, கிட்டிய முழு எண்ணை மேலே வையுங்கள். 0.83 என்றால் 13.28 வரும், ஆக 13/16. மீதி 0.28 கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் 64-ஆல் பெருக்குங்கள்: 53.12, ஆக 53/64. ஒரே ஒரு பொறி உண்டு. 3.98-இல் 0.98 × 16 = 15.68, கிட்டிய முழு எண் 16. இதை 3 16/16 என்று எழுதக்கூடாது, 15/16 என்று இழுத்துப் பிடிக்கவும் கூடாது. அது 4 அங்குலம்.

கணக்கு எல்லா வகையிலும் சரி, பொருள்தான் சேரவில்லை

அப்படியென்றால் அந்தப் பின்னம் அளவே அல்ல, பெயர். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 0.840. அதை அளந்தவர்கள் 27/32 என்று நினைத்து அந்த அளவில் துளைக்கு அலைவார்கள். முக்கால் அங்குலக் குழாய் 1.050, ஒரு அங்குலக் குழாய் 1.315. 14 அங்குலத்துக்குப் போன பிறகுதான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகும். வட அமெரிக்காவில் இரண்டுக்கு நாலு என்று விற்கும் இழைத்த மரச்சட்டம் 1 1/2-க்கு 3 1/2 தான்.

டிரில் பிட்டிலும் இது உண்டு. காலிப்பரில் 0.201 வருகிறது, பக்கத்தில் உள்ள பின்னம் 13/64, அதாவது 0.2031. இரண்டும் ஒத்துவரவில்லையே என்று காலிப்பரைக் குறை சொல்ல வேண்டாம். பின்னத்தில் அளவிடாமல் எண்ணால் அழைக்கும் பிட் வரிசை ஒன்று இருக்கிறது. இது அதில் 7-ஆம் எண். பிட்டின் தண்டில் பொறித்திருப்பதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பின்னக்கோடு இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் வகுக்க அங்கே ஒன்றும் இல்லை. காலிப்பர் காட்டிய 0.201-ஐயே டிராயிங்கில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.